கைக்குத் தெரிந்த விமானம்

இன்றைக்கு ஒரு நல்ல கணினியும் ஒரு திரையும் இருந்தால் போதும், போயிங் 737 விமானத்தை வீட்டிலிருந்தே கிளப்பலாம், இறக்கலாம். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் படித்த புரூஸ் ஆர்ட்விக் 1970களில் தொடங்கிய வேலை, 1982இல் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டராகக் கடைக்கு வந்தது. அன்று அது சில கோடுகளால் ஆன உலகம். 2020இல் வந்த பதிப்பு செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு பூமி முழுவதையும் காட்டுகிறது. எக்ஸ்-பிளேன் என்ற இன்னொரு மென்பொருள் இறக்கையைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் மீதும் காற்று செலுத்தும் விசையை நொடிக்குப் பலமுறை கணக்கிடுகிறது. கணக்கும் காட்சியும் இவ்வளவு தூரம் வந்துவிட்டன. கை மட்டும் பின்தங்கிவிட்டது. சக்கரங்களை இறக்க மௌஸைச் சொடுக்குகிறோம். விளக்கைப் போடவும் அதே சொடுக்கு. எஞ்சினை அணைக்கவும் அதே சொடுக்குதான். விமானியின் கை கற்றுக்கொள்ள அதில் ஒன்றுமில்லை.

வீட்டின் ஓர் அறையிலோ கார் ஷெட்டிலோ முழு அளவு காக்பிட்டைக் கட்டுகிறவர்கள் நிரப்ப முயல்வது இந்த இடத்தைத்தான். பார்ப்பவர்களுக்கு இது விலை கூடிய பொம்மையாகத் தெரியலாம். ஆனால் ஒரு காக்பிட்டை அளந்து, அறுத்து, கம்பி இழுத்துக் கட்டும்போதுதான் அதிலுள்ள ஒவ்வொரு குமிழும் ஏன் அந்த வடிவத்தில், அந்த இடத்தில் இருக்கிறது என்பது புலப்படுகிறது. அந்தக் காரணங்களில் சிலவற்றுக்கு உயிர்கள் விலையாகக் கொடுக்கப்பட்டிருக்கின்றன.

1943இல் அல்போன்ஸ் சப்பானிஸ் என்ற இளம் உளவியலாளர் அமெரிக்காவின் ரைட் ஃபீல்ட் விமானத் தளத்தில் பணியில் சேர்ந்தார். பி-17 குண்டுவீச்சு விமானங்களில் ஒரு விசித்திரமான விபத்து திரும்பத் திரும்ப நடந்துகொண்டிருந்தது. பத்திரமாகத் தரையிறங்கி ஓடுபாதையில் உருண்டுகொண்டிருக்கும்போது விமானி இறக்கையின் பின்விளிம்பு மடலான ஃப்ளாப்பை மடக்குவதாக நினைத்துச் சக்கரங்களை மடக்கிவிடுவார். விமானம் வயிறு தரையில் பட விழும். ‘விமானியின் கவனக்குறைவு’ என்று கோப்பு மூடப்படும். சப்பானிஸ் காக்பிட்டுக்குள் போய்ப் பார்த்தார். இரண்டு ஸ்விட்சுகளும் ஒரே வடிவம், அருகருகே. களைத்த மனிதனின் கைக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரிய வழியே இல்லை. அவர் சொன்ன தீர்வு எளிமையானது: சக்கரத்துக்கான ஸ்விட்சின் தலையில் ஒரு சிறு ரப்பர் சக்கரம், ஃப்ளாப்புக்கான ஸ்விட்சின் தலையில் ஆப்பு வடிவத் துண்டு. போர் முடிந்தபின் 1947இல் பால் ஃபிட்ஸும் ரிச்சர்ட் ஜோன்ஸும் ‘விமானியின் பிழை’ எனப்பட்ட 460 அனுபவங்களைத் தொகுத்து ஆராய்ந்து, பிழையின் வேர் பெரும்பாலும் கருவியின் அமைப்பில் இருப்பதைக் காட்டினார்கள். இன்று பயணிகள் விமானங்களுக்கான அமெரிக்க விதிகளில் 25.781 என்ற பிரிவு குமிழ்களின் வடிவத்தைப் படம் போட்டே வரையறுக்கிறது. சக்கர நெம்புகோலின் தலை சக்கரமாகவும், ஃப்ளாப் நெம்புகோலின் தலை இறக்கையின் குறுக்குவெட்டாகவும் இருக்க வேண்டும்.

737இன் நடுமேடையில் கையை வைத்துப் பார்த்தால் இந்தப் பாடம் எங்கும் எழுதியிருக்கிறது. ஃப்ளாப் நெம்புகோல் பூஜ்யத்திலிருந்து 40 வரை ஒன்பது பள்ளங்களில் அமர்கிறது. அவற்றில் 1, 15 ஆகிய இரண்டு இடங்களில் மட்டும் தடுப்பு உண்டு. இறங்க முடியாமல் மீண்டும் மேலேறும்போது அவசரத்தில் நெம்புகோலைத் தள்ளினாலும் அது தடுப்பில் நிற்கும். கண் வெளியே இருக்கலாம், எங்கே நிறுத்துவது என்று கை அறிந்துகொள்ளும். எரிபொருளை நிறுத்தும் நெம்புகோலை வெளியே இழுத்துத் தூக்கினால்தான் நகரும். முழங்கை இடித்து எஞ்சின் அணைந்துவிடக் கூடாது என்பதற்காக. வீட்டில் காக்பிட் கட்டுகிறவர் இவற்றின் வண்ணத்தில் சமரசம் செய்துகொள்ளலாம். பள்ளத்திலும் தடுப்பிலும் செய்துகொள்ளக் கூடாது.

எந்த விமானத்தைக் கட்டுவது? வீட்டுக் கட்டுநர்களிடையே 737, ஏர்பஸ் ஏ320 இரண்டுக்கும்தான் போட்டி. 1967இல் முதன்முதலாகப் பறந்த 737 இன்றும் உற்பத்தியில் இருக்கிறது. பழைய விமானங்கள் கலிஃபோர்னியப் பாலைவனத்திலும் இங்கிலாந்தின் கெம்பிளிலும் உடைக்கப்படும்போது அவற்றின் த்ராட்டில் (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்) தொகுதி, யோக் எனும் திருப்புக் கைப்பிடி, இருக்கை எல்லாம் விலைக்கு வருகின்றன. லட்சக்கணக்கான மைல்கள் பறந்த ஓர் உலோகத் தொகுதியை வீட்டு மேடையில் பூட்டி, உள்ளே மோட்டார் வைத்து மீண்டும் உயிர் கொடுக்கும் மகிழ்ச்சியை வேறெதனோடும் ஒப்பிட முடியாது.

ஆனால் பொறியியல் நோக்கில் ஏ320தான் வீட்டுக்கு எளிது. காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. 1987இல் முதன்முதலாகப் பறந்த அந்த விமானத்தில் விமானியின் பக்கவாட்டுக் கட்டைக்கும் (சைட்ஸ்டிக்) வாலுக்கும் இடையில் இரும்புக் கம்பி இல்லை, கணினி இருக்கிறது. நிஜக் கட்டையே ஸ்பிரிங்கை எதிர்த்துத்தான் அசைகிறது. ஒரு விமானியின் கட்டை அசைந்தால் மற்றவருடையது அசையாது. எஞ்சின் விசையைத் தானே கட்டுப்படுத்தும் ஆட்டோ த்ரஸ்ட் வேலை செய்யும்போது த்ராட்டில் நெம்புகோல்களும் அசைவதில்லை. ஆக, ஸ்பிரிங் வைத்த ஒரு ஜாய்ஸ்டிக்கும், சரியான இடங்களில் பள்ளம் வெட்டிய நெம்புகோல்களும் நிஜத்துக்கு மிக அருகில் போய்விடும். 737இல் எல்லாம் அசையும். இரண்டு யோக்குகளும் சேர்ந்தே திரும்பும். ஆட்டோ த்ராட்டில் நெம்புகோல்களைத் தானாகத் தள்ளும், இழுக்கும். தரை தொட்டதும் ஸ்பீட் பிரேக் நெம்புகோல் தானே பின்னுக்கு வரும். நடுமேடையின் இருபுறமும் உள்ள பெரிய ட்ரிம் சக்கரங்கள் கடகடவென்று சுழலும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மோட்டார் வேண்டும். ஆனாலும் நான் 737இன் பக்கம்தான். விமானம் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை அது கையிடமும் காதிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறது. வீட்டில் மறுஉருவாக்கம் செய்யத் தகுந்தது அந்தப் பேச்சுதான்.

இனி மின்னணுப் பகுதி. சென்னை ரிச்சி தெருவில் எளிதாக வாங்கக்கூடிய ஆர்டுயினோ மெகா என்ற கட்டுப்பாட்டுப் பலகையில் 54 டிஜிட்டல் முனைகள் உண்டு. 737இன் தலைக்கு மேலுள்ள பேனலில் மட்டும் அதைவிட அதிக ஸ்விட்சுகள். எனவே ஸ்விட்சுகளைக் கட்டக் கட்டமாக இணைப்பார்கள்: எட்டு வரிசை, எட்டு நிரல் என்று 16 முனைகளைக் கொண்டு 64 ஸ்விட்சுகளைப் படிக்கலாம். கணினி விசைப்பலகையும் இதே முறையில்தான் இயங்குகிறது. ஒரு வேறுபாடு. விசைப்பலகையில் ஒரு நேரத்தில் ஓரிரு விசைகளே அழுந்தியிருக்கும். காக்பிட்டில் முப்பது நாற்பது ஸ்விட்சுகள் ஒரே நேரத்தில் ‘ஆன்’ நிலையில் நிற்கும். மின்சாரம் மூடியிருக்கும் ஸ்விட்சுகள் வழியே குறுக்கே புகுந்து, போடாத ஸ்விட்சையும் போட்டதாகக் காட்டும். இதைத் தடுக்க ஒவ்வொரு ஸ்விட்சோடும் மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு டையோடைச் சேர்க்க வேண்டும்.

ஆட்டோபைலட்டின் திசை, வேகம், உயரம் ஆகியவற்றைத் திருகும் குமிழ்கள் முடிவில்லாமல் சுழல்பவை. அவற்றுக்குள் ரோட்டரி என்கோடர் இருக்கிறது. சுழலும்போது இரண்டு மின்முனைகள் மாறி மாறித் திறந்து மூடும். ஒன்று மற்றதைவிட, திறந்து மூடும் ஒரு சுற்றில் கால் பங்கு பிந்தி வரும். எது முந்திக்கொள்கிறது என்பதை வைத்துத் திசையை அறியலாம். கட்டுப்பாட்டுப் பலகை வேறு வேலையில் மூழ்கி இந்த மாற்றங்களில் ஒன்றைத் தவறவிட்டால், 10,000 அடிக்குத் திருகிய எண் 9,900இல் நிற்கும். எல்லா ஸ்விட்சுகளுக்கும் உள்ள இன்னொரு குணம், மூடும் கணத்தில் உலோகத் தகடுகள் சில மில்லிநொடிகள் துள்ளுவது. மனிதக் கைக்கு ஒருமுறை போட்டதாகத் தோன்றுவது நுண்செயலிக்குப் பலமுறை போட்டு அணைத்ததாகத் தெரியும். நிலை மாறியதும் சற்றுக் காத்திருந்து, மீண்டும் படித்து உறுதி செய்துகொள்ளும்படி நிரல் எழுதினால் போதும்.

நெம்புகோல்களின் நிலையை அளக்கப் பலர் முதலில் பொட்டென்ஷியோமீட்டரை நேரடியாக அச்சில் மாட்டுகிறார்கள். அது 270 பாகை சுழலக்கூடியது. நெம்புகோல் 54 பாகை மட்டும் நகர்வதாக வைத்துக்கொண்டால், அளவுகோலில் ஐந்தில் ஒரு பங்குதான் பயன்படுகிறது. ஆர்டுயினோ மெகா தரும் 1,024 படிகளில் கிடைப்பது 205. இறங்கும்போது எஞ்சின் விசையை நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்க இது போதாது. பல்சக்கரம் வைத்து நகர்வைப் பெருக்கலாம், அல்லது காந்தத்தின் நகர்வைத் தொடாமலே உணரும் ஹால் சென்சாரை வைக்கலாம். தொடாததால் அதற்குத் தேய்மானமும் இல்லை.

மின்சாரக் கணக்கையும் முதலிலேயே போட்டுவிட வேண்டும். ஓர் எல்இடிக்கு 20 மில்லி ஆம்பியர் என்றால் 200 எல்இடிக்கு 4 ஆம்பியர். பழைய தர யூஎஸ்பி முனை கொடுப்பது அரை ஆம்பியர். தனி மின்வழங்கி அவசியம். அதன் எதிர்முனையும் கட்டுப்பாட்டுப் பலகையின் எதிர்முனையும் ஒன்றாக இணைந்திருப்பதும் அவசியம்.

இவற்றைவிடச் சுவையான சிக்கல் ஒன்று உண்டு. மென்பொருளில் இருக்கும் ஸ்விட்சுக்கும் பலகையில் இருக்கும் ஸ்விட்சுக்கும் தனித்தனி நினைவு. விமானத்தை மென்பொருளில் ஏற்றும்போது அது எல்லா விளக்குகளையும் அணைத்து வைத்திருக்கலாம். நேற்று போட்டபடியே உங்கள் பலகையின் ஸ்விட்ச் மேல்நோக்கி நிற்கும். எது உண்மை? உலோகம்தான் உண்மை என்று முடிவெடுத்து, தொடங்கும்போதே எல்லா ஸ்விட்சுகளின் நிலையையும் மென்பொருளுக்கு அறிவிப்பதே சரி. இதற்கு எதிர்த்திசையிலும் ஓர் ஓட்டம் வேண்டும். 737இன் எஞ்சின் ஸ்டார்ட் ஸ்விட்சைத் திருகினால் உள்ளே ஒரு மின்காந்தம் அதைப் பிடித்துக்கொள்கிறது. எஞ்சினின் உட்சுழலி 56 சதவீத வேகத்தை எட்டியதும் மின்காந்தம் விடுகிறது. ஸ்விட்ச் டக்கென்று பழைய இடத்துக்குத் திரும்புகிறது. எஞ்சின் தானே ஓடத் தொடங்கிவிட்டது என்பதற்கு அந்த ஓசையே சாட்சி. வீட்டில் சிறு மின்காந்தம் வைத்து இதைச் செய்தவர்கள், பணம் கொடுத்து வாங்கிய எந்த அழகான பேனலையும்விட அந்த ஒற்றை ஓசையைக் கொண்டாடுகிறார்கள்.

யோக்கின் கனத்துக்கு வருவோம். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. செஸ்னா 172 போன்ற சிறிய விமானத்தில் வாலின் மடலைத் தள்ளும் காற்று கம்பி வழியே நேராகக் கைக்கு வந்து சேரும். மெதுவாகப் பறக்கும்போது யோக் தளர்ந்து கிடக்கும். வேகம் கூடக்கூட இறுகும். விமானி வேகமானியைப் பார்க்காமலே வேகத்தை உணர்வது இதனால்தான். 737இல் ஹைட்ராலிக் விசை மடலை அசைப்பதால் காற்று கையைத் தொடுவதில்லை. எனவே ஃபீல் கம்ப்யூட்டர் என்றொரு கருவி, காற்றழுத்தத்தை அளந்து செயற்கையாக யோக்குக்குக் கனம் கொடுக்கிறது. கோடிக்கணக்கான ரூபாய் விமானத்துக்குள்ளும் கைக்காக ஒரு சிமுலேட்டரைப் பொறியாளர்கள் வைத்திருக்கிறார்கள் என்பது என்னை எப்போதும் வியக்கவைப்பது.

வீட்டு யோக்கில் இருப்பது ஸ்பிரிங். அதற்கு வேகம் தெரியாது. கையின் கனத்தைக் குறைக்க ட்ரிம் செய்யும்போது இது மேலும் துலக்கமாகும். செஸ்னாவில் யோக்கைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்தபடி ட்ரிம் சக்கரத்தைச் சுற்றினால், கை இருந்த இடத்திலேயே இருக்க, கனம் மட்டும் கரைந்து மறையும். ஸ்பிரிங் யோக்கிலோ கனம் மறைய வேண்டுமானால் கை நடுவுக்குத் திரும்பியாக வேண்டும். வீட்டில் பழகியவர் நிஜ விமானத்தில் முதலில் தடுமாறுவது இங்கேதான். மோட்டார் வைத்து, மென்பொருளிலிருந்து வேகத்தையும் ட்ரிம்மையும் பெற்று விசையை மாற்றும் யோக்கே முழுத் தீர்வு. செலவைப் பகிர்ந்தளிக்க நேர்ந்தால் காட்சிக்கான இரண்டாவது ப்ரொஜெக்டரை ஒத்திப்போட்டு இதற்குக் கொடுப்பேன்.

கண்ணின் கதை வேறு. 60 செ.மீ. அகலத் திரையை 60 செ.மீ. தள்ளி வைத்தால், அது கண்ணில் 53 பாகை கோணத்தை நிறைக்கிறது. அகலமாகத் தெரியட்டும் என்று மென்பொருளில் 90 பாகையைத் தேர்ந்தெடுத்தால், நடுவில் உள்ள ஓடுபாதை சரியாகப் பாதி அளவில் தெரியும். ஒரு கி.மீ. தொலைவில் இருப்பது கண்ணுக்கு இரண்டு கி.மீ. தொலைவாகும். மூன்று பாகைச் சரிவில் 140 நாட் வேகத்தில் இறங்கும் 737 நொடிக்கு 12 அடிக்கும் மேல் கீழே வருகிறது. 20 அடி உயரத்தில் மூக்கை உயர்த்தத் தொடங்க வேண்டும். அதே வேகத்தில் தரைக்கு மிஞ்சியிருப்பது இரண்டு நொடிகூட இல்லை. தொலைவைத் தவறாகக் காட்டும் திரையில் இந்தக் கணிப்பைப் பழகவே முடியாது. அகலம் வேண்டுமென்றால் திரையைத்தான் அகலமாக்க வேண்டும். அதற்காகவே மூன்று ப்ரொஜெக்டர்களை வளைந்த திரையில் இணைத்து 180 பாகைக்கு மேல் காட்சியைப் பரப்புகிறார்கள். பக்கவாட்டில் காட்சி ஓடும்போது அசையாத இருக்கையிலும் உடல் நகர்வதாக உணர்கிறது.

இருவர் அமரும் காக்பிட்டில் இன்னொரு தடை. இரு விமானிகளும் ஏறத்தாழ ஒரு மீட்டர் இடைவெளியில் உட்காருகிறார்கள். திரை இரண்டு மீட்டர் தொலைவில் என்றால், ஒருவருக்கு நேர் எதிரே தெரியும் புள்ளி மற்றவருக்கு 26 பாகைக்கு மேல் சாய்வாகத் தெரியும். நிஜத்தில் மூன்று கி.மீ. தொலைவிலுள்ள ஓடுபாதைக்கு இந்த வேறுபாடு ஒரு பாகையில் ஐம்பதில் ஒரு பங்கு. நாம் நடக்க நடக்க நிலா கூடவே வருவதுபோல, தொலைவிலுள்ளது இருவருக்கும் ஒரே திசையில்தான் இருக்க வேண்டும். விமான நிறுவனங்களின் சிமுலேட்டர்களில் இதற்காகப் பெரிய குழிவு ஆடி இருக்கிறது. அலுமினியம் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் படலத்தைக் காற்றை உறிஞ்சி வளைத்து ஆடியாக்குகிறார்கள். அதில் பட்டு வரும் ஒளிக்கதிர்கள் இணையாக வருவதால் காட்சி கண்ணுக்கு முடிவிலியில் இருப்பதாகத் தோன்றும். வீட்டில் இது மிகக் கடினம். பெரும்பாலோர் இடப்பக்கக் கேப்டனின் கண்ணுக்கு மட்டும் காட்சியைச் சரிசெய்துகொள்கிறார்கள். அதுவே அறிவுள்ள முடிவு.

அசைவு கடைசியில் வருகிறது, ஆனால் வரலாற்றில் அதுவே முதலில் வந்தது. நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டனில் எட்வின் லிங்க் தன் குடும்பத்தின் பியானோ, ஆர்கன் தொழிற்சாலையின் நிலவறையில் 1920களின் இறுதியில் ஒரு குட்டி விமானத்தைக் கட்டினார். ஆர்கனுக்குக் காற்று ஊட்டும் துருத்திகளே அதைச் சாய்த்தன, நிமிர்த்தின. கேளிக்கைப் பூங்காக்கள்தான் முதலில் வாங்கின. 1934இல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் சுமக்க நேர்ந்து, மோசமான வானிலையில் அடுத்தடுத்து உயிரிழந்தபோது நிலைமை மாறியது. கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கக் கற்பிக்க ராணுவம் அவரிடம் ஆறு பயிற்சிக் கருவிகளை வாங்கியது. இரண்டாம் உலகப் போரில் லட்சக்கணக்கானோர் அவற்றில் பழகினார்கள்.

இன்றைய பெரிய சிமுலேட்டர்கள் ஆறு கால்களில் நிற்கின்றன. டன்லப்பில் டயர்களைச் சோதிக்க எரிக் கஃப் உருவாக்கிய அமைப்பு அது. 1965இல் ஸ்டூவர்ட் என்பவர் எழுதிய ஆய்வுரையால் அவர் பெயரும் அதனோடு ஒட்டிக்கொண்டது. சில மீட்டர் மட்டுமே நகரும் மேடை, ஓடுபாதையில் அரை நிமிடம் நீடிக்கும் முடுக்கத்தை எப்படிக் காட்ட முடியும்? நம் உட்காதால் சாய்வையும் முடுக்கத்தையும் பிரித்தறிய முடியாது. மேடையை 11 பாகை பின்னால் சாய்த்தால் புவியீர்ப்பின் ஐந்தில் ஒரு பங்கு முதுகை இருக்கையோடு அழுத்தும். வெளியே தெரியும் காட்சி சமமாக இருப்பதால் மூளை அதை முடுக்கம் என்றே எடுத்துக்கொள்ளும். சாய்ப்பது நொடிக்குச் சுமார் மூன்று பாகைக்குள் நடந்தால் சாய்ந்ததே தெரியாது. காட்சிக்கும் அசைவுக்கும் இடையே நேரம் பிசகினால் மட்டும் தலைசுற்றும், குமட்டும். அசைவு இல்லாமலிருப்பது தவறான அசைவைவிட மேல். வீட்டில் இருக்கைக்கு அடியில் அதிர்வு தரும் ஒலிக்கருவி ஒன்றைப் பொருத்தி, ஓடுபாதையின் நடுக்கோட்டு விளக்குகள் மீது மூக்குச் சக்கரம் ஏறும் தட் தட் அதிர்வை உடலுக்குத் தந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இவ்வளவும் செய்ய முடியாதவர்கள் மனம் தளரத் தேவையில்லை. 1970இல் வாலஸ் புரோஃபெட்டும் ஆல்டன் பாய்டும் மோஹாக் ராணுவ விமானத்துக்குப் பயிற்சி பெறுவோரைக் கொண்டு ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு குழு விலை உயர்ந்த பயிற்சிக் கருவியில் பழகியது. இன்னொரு குழு ஒட்டுப்பலகையில் புகைப்படங்களை ஒட்டிச் செய்த மாதிரியில் பழகியது. எஞ்சினைக் கிளப்புவது, நிறுத்துவது போன்ற நடைமுறைகளில் பலகையில் பழகியவர்களும் ஏறத்தாழ அதே தேர்ச்சியைக் காட்டினார்கள். எது எங்கே, எதற்கு அடுத்து எது என்பதைக் கற்க இடமும் வரிசையும் போதும்.

அதனால் கட்ட விரும்புகிறவர் பேனல்களின் முழு அளவுப் படங்களை அச்சடித்து ஒட்டுப்பலகையில் ஒட்டித் தொடங்கலாம். சில வாரம் அதன் முன் உட்கார்ந்து கையை நகர்த்திப் பழகியபின், சக்கர நெம்புகோல், ஃப்ளாப் நெம்புகோல், ஆட்டோபைலட் குமிழ்கள் என்று ஒவ்வொன்றாகப் படத்தை வெட்டி நிஜத்தை வைக்கலாம். மரத்தை அறுப்பதற்கு முன் ஒரே ஓர் அளவு உறுதியாக வேண்டும்: விமானியின் கண். காக்பிட்டை வரைகிறவர்கள் எல்லாவற்றையும் அந்தப் புள்ளியிலிருந்துதான் அளக்கிறார்கள். ஏ320இல் முன்கண்ணாடிகளுக்கு நடுவே மூன்று சிறு பந்துகள் இருக்கும்; அவை கண்ணுக்கு வரிசைப்படும்வரை விமானி இருக்கையை ஏற்றி இறக்குவார். வீட்டிலும் இருக்கையை முதலில் தரையில் பூட்டி, உட்கார்ந்து, கண்ணின் உயரத்தைச் சுவரில் பென்சிலால் குறித்துக்கொண்டு, பலகைகளின் இடத்தை அங்கிருந்து அளக்க வேண்டும்.